காலையில் மட்டும் மக்கர் செய்யும் டிவி

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். 43 அங்குல எல்இடி டிவி, வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. இரண்டு மாதமாகக் காலையில் போட்டால் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைகிறது. உள்ளே டிக் டிக் என்று சத்தம் வருகிறது, படம் வருவதில்லை. பதினோரு மணிக்கு மேல் போட்டால் எதுவுமே நடக்காதது போல ஓடுகிறது. சேலத்திலிருந்து வந்து பார்த்தவர் பவர் போர்டு போய்விட்டது, புதுசு 6,500 ரூபாய், கூடவே ஒரு ஸ்டெபிலைசரும் வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் நல்லது.

பழுது என்ன என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். காலைக் குளிரில் வராத டிவி, வெயில் ஏறியதும் வருகிறது. போர்டு முழுதாகப் போயிருந்தால் மத்தியானம் மட்டும் எப்படி உயிர் வரும்? பவர் போர்டில் விரல் நுனி அளவுக்கு உருளை உருளையாகச் சில கெபாசிட்டர்கள் இருக்கும். பழைய ஆட்கள் கண்டென்சர் என்பார்கள். உள்ளே ஈரமான ரசாயனம் இருக்கும். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து அது காய்ந்துபோகும். காய்ந்த கண்டென்சர் குளிரில் இன்னும் மோசமாக வேலை செய்யும், சூடு பட்டால் கொஞ்சம் தேறும். 12 வோல்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் சரிவதால் டிவி கிளம்பப் பார்த்து, விழுந்து, மறுபடி கிளம்பப் பார்க்கிறது. நீங்கள் கேட்கும் டிக் டிக் அதுதான். இதே டிவி கீழே சேலத்தில் இருந்திருந்தால் இன்னும் ஆறு மாதம் பழுது வெளியே தெரியாமலே ஓடியிருக்கலாம்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. காலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் வயர் உள்ளே போகும் பக்கத்தில் இருக்கும் காற்றுத் துளைகள் வழியாக ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளி, மூன்று நான்கு நிமிடம் காட்டுங்கள். மூடியைத் திறக்க வேண்டியதில்லை. பிறகு பிளக்கைச் செருகிப் போடுங்கள். உடனே படம் வந்தால் கண்டென்சர்தான். ட்ரை சால்டராகவும், அதாவது போர்டில் ஈயப் பற்று விட்டுப்போனதாகவும் இருக்கலாம், ஆனால் அதற்கும் செலவு பெரிதில்லை.

மூடியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பட்டென்று ஷார்ட் செய்து காட்டும் வீரர்களைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்த 6,500 விஷயம். 'புது போர்டு' என்று வருவதில் பாதி, முந்தைய வீட்டில் கழற்றியது. உங்கள் போர்டைக் கழற்றி எடுத்துப் போவார். கடையில் நாலு கண்டென்சர் மாற்றி, தின்னர் போட்டுத் துடைத்தால் அது அடுத்த வீட்டுக்குப் புது போர்டு. நூறு ரூபாய்க்குள் முடிகிற பொருள்! இதே தொழிலில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. யார் வேலை செய்தாலும் போர்டின் எண் ஒட்டியிருக்கும் இடத்தை முதலில் போட்டோ எடுங்கள், ஓரத்தில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வையுங்கள், மாற்றிய பழைய பாகங்களைக் கையில் கேட்டு வாங்குங்கள். 'பழசு உங்களுக்கு எதுக்குங்க' என்று கேட்டால் புரிந்துகொள்ளுங்கள்.

ஸ்டெபிலைசரும் வேண்டாம். டிவியின் பின்னால் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தை அதுவே சமாளிக்கும்.

கம்பெனிக்குப் போன் செய்யலாமே என்பீர்கள். இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படும் கஸ்டமர் கேர் எண்ணே போலியாக இருக்கலாம். வாரன்ட்டி அட்டையில் அச்சாகியிருப்பதை மட்டும் அழையுங்கள். உண்மையான கம்பெனி ஆள் வந்தாலும் பெரும்பாலும் கண்டென்சர் மாற்றமாட்டார், போர்டோடு மாற்று என்பதுதான் அவருக்கு உத்தரவு. ஐந்து வருட மாடல் என்றால் ஸ்டாக் இல்லை, புது டிவி வாங்குங்கள் என்பார். நான் தொழில் பழகிய காலத்தில் டிவிப் பெட்டிக்குள்ளேயே சர்க்யூட் தாள் மடித்து வைத்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்று ஒரு மெக்கானிக் கெஞ்சினாலும் கிடைக்காது.

ஒரே ஒரு விஷயத்தில் நான் சொன்னது பொருந்தாது: இடி. சித்திரை, வைகாசி மழையில் மலையில் இடி இறங்கும் விதம் உங்களுக்குத் தெரியும். இடி இடித்த அன்றிலிருந்து டிவி வரவில்லை என்றால் குளிர், வெயில் கணக்கெல்லாம் கிடையாது. எந்நேரமும் செத்துக் கிடக்கும். அதுவும் பிளக் வழியாக மட்டும் வராது. டிஷ் கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸுக்கு, அங்கிருந்து எச்டிஎம்ஐ வயர் பிடித்து மெயின் போர்டுக்குள் நுழைந்துவிடும். பவர் போர்டில் 12 வோல்ட் ஒழுங்காக நிற்கும், டிவி மட்டும் எழாது. அந்த நேரத்தில் கண்டென்சர் மாற்றி லாபமில்லை. அதனால்தான் மழைக்கு முன் பிளக்கைப் பிடுங்கினால் போதாது, டிஷ் கேபிளையும் கழற்றுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை. உங்களுடையது இந்த வகை இல்லை.

சரி, செய்ய வேண்டியது இதுதான். டிவியை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கிச் சேலத்துக்கு இறக்காதீர்கள், பேனல் விரிசல் விட்டால் எல்லாம் முடிந்தது. இரவே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுநாள் உள்ளூர் மெக்கானிக்கை மீட்டர் வைத்துப் பார்த்துப் பவர் போர்டை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். வயர் எது எங்கே என்று போட்டோ இருக்கட்டும். துணிப்பையில் போட்டு பஸ்ஸில் சேலத்துக்கு எடுத்து வரலாம். இங்கே மாற்றுகிறவரிடம் 105 டிகிரி சூடு தாங்கும் கண்டென்சர்தான் வேண்டும், உப்பியதை மட்டும் அல்லாமல் அந்த வரிசை முழுவதையும் மாற்றுங்கள் என்று சொல்லுங்கள். பவர் போர்டை ஓட்டும் சிப்பான ஸ்விட்ச்சிங் ஐசி பக்கத்தில் 22 அல்லது 47 மைக்ரோ ஃபாரட் என்று ஒரு பொடிசு இருக்கும். அது உப்பாது, பார்க்க நல்லபிள்ளைபோல் நிற்கும், கிளம்பும் நேரத்தில் காலை வாரும். அதையும் மாற்றச் சொல்லுங்கள். என்னிடம் வந்தால் கூலியோடு 700 ரூபாய்க்குள் முடித்துக் கொடுப்பேன்.

போர்டில் இருக்கும் பீஸ், அதாவது ஃபியூஸ், போயிருந்தால் அதே ஆம்பியரில் புதுசு போட வேண்டும். செம்புக் கம்பி சுற்றி வந்த போர்டு ஒன்றைப் போன மாதம்தான் பார்த்தேன், பீஸ் இருந்த இடத்தில் கட்டை விரல் நுழையும் ஓட்டை.

திரும்ப மாட்டும்போது ஒன்று. ஸ்டாண்டு ஸ்க்ரூ நீளம், மூடி ஸ்க்ரூ குட்டை. கழற்றும்போதே இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். நீளத்தைக் குட்டையின் இடத்தில் முடுக்கினால் அது உள்ளிருந்து பேனலைக் குத்திவிடும்.