அலமாரியில் தூங்கும் டிராகன்கள்

கேள்வி: ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மாதிரி, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை பேசியே ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளின் விதிப் புத்தகங்களாக வாங்கிக் குவிக்கிறேன். ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. இது வீண் செலவா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: வீண் என்று சொல்ல மாட்டேன். அந்தப் புத்தகங்களில் வரும் அரக்கர் பட்டியலை நாவல் மாதிரி படிக்கிற ஆள் நான். ஆனால், 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அந்த ஆட்டத்தை வெளியிட்டபோது பெட்டிக்குள் இருந்தவை மூன்றே சிறு புத்தகங்கள். விதிகளில் ஏகப்பட்ட ஓட்டை. ஆடியவர்கள்தான் இட்டு நிரப்பினார்கள்.

உங்களுக்குக் குறை புத்தகமல்ல, ஆள். நாலு பேருக்கு ஒரே ஞாயிறு ஓய்வாக அமைவது குதிரைக்கொம்பு. அவர்கள் விதி படித்துவிட்டு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், வரமாட்டார்கள். ஆட்டத்தை நடத்துகிற நீங்கள் படித்திருந்தால் போதும். “கதவுக்குப் பின்னால் யாரோ முனகுகிறார்கள். என்ன செய்கிறாய்?” என்று கேளுங்கள். உடைக்கிறேன் என்றால், இருபது முகப் பகடையை உருட்டச் சொல்லி, விழுந்த எண்ணோடு அவருடைய பாத்திரத்தின் பலத்துக்கான எண்ணைக் கூட்டுங்கள். 15-ஐத் தொட்டால் கதவு உடைந்தது. சரி, அடுத்த ஆள்!

அடுத்த புத்தகத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் பஜ்ஜி வாங்கி வையுங்கள். அப்புறம், எண்ணெய்க் கையோடு யாரையும் அலமாரிப் பக்கம் விடாதீர்கள்.