தாய்மாமன் கூப்பிடுகிறார், பட்டறையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். மகன் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறான். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் இருக்கும் என் மைத்துனர், “இங்கே கம்யூனிட்டி காலேஜில் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் இரண்டு வருடம் படிக்கட்டும். பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். செலவு பாதிதான். வேலை பார்த்துக் கடனையும் அடைத்துவிடுவான்” என்கிறார். நம் பக்கம் சமுதாயக் கல்லூரி என்றால் தையலும் ஏசி மெக்கானிக் வேலையும் கற்றுத்தரும் இடம். அதற்குப் போய் அமெரிக்காவா என்று யோசனையாக இருக்கிறது. பட்டறை இடத்தை ஈடு வைத்தால் கடன் கிடைக்கும். அனுப்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காரைக்குடி

பதில்: ஐயா, இடத்தை ஈடு வைக்காதீர்கள். மகனை அனுப்புவதா வேண்டாமா என்பதை உட்கார்ந்து பேசலாம். இடத்தைப் பொறுத்தவரை மறுபேச்சே இல்லை.

கல்லூரியைப் பற்றிய உங்கள் தயக்கம் தேவையற்றது. நம் ஊரில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் ஒரு தொழில் கைவர வேண்டும் என்று தொடங்கப்பட்டவை சமுதாயக் கல்லூரிகள். அமெரிக்காவில் கதை வேறு. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கிய முதல் கல்லூரியே, பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைப் பிள்ளைகள் சொந்த ஊரிலேயே இருந்து படிக்கட்டும் என்று எழுந்ததுதான். தொழிற்பயிற்சி பிறகு சேர்ந்துகொண்டது. கலிஃபோர்னியாவில் மட்டும் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. ஃப்ரீமான்ட்டிலேயே ஓலோனி கல்லூரி இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான ‘சாட்’ தேர்வு மதிப்பெண் கேட்க மாட்டார்கள். ஆங்கிலத் தேர்வும் பள்ளிச் சான்றிதழும் இருந்தால் அநேகமாக இடம் கிடைக்கும். இடம் சுலபமாகக் கிடைப்பதால்தான் ஏஜென்டுகளுக்கு இந்தக் கல்லூரிகள் மேல் இவ்வளவு பிரியம். மதுரையிலோ திருச்சியிலோ யாராவது ‘சீட் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வாங்கித் தர அங்கே ஒன்றும் இல்லை.

பணத்துக்கு வருவோம். உங்கள் மைத்துனர் சொல்லும் ‘பாதிச் செலவு’ யாருக்கு என்று பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவருக்கு பாடங்களை அளக்கும் அலகான ‘யூனிட்’ ஒன்றுக்கு 46 டாலர் கட்டணம். இரண்டாண்டுப் பட்டத்துக்கு 60 யூனிட், ஆக 2,760 டாலர். இதைக் கேட்டால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் இந்தக் கல்லூரிகள் உள்ளூர் மக்களின் வரிப்பணத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்காக நடப்பவை. மாணவர் விசாவில் வரும் உங்கள் மகனுக்கு அந்த விலை கிடையாது. வெளியாளுக்கான கட்டணம் அதைப்போல ஏழெட்டு மடங்கு, சில கல்லூரிகளில் அதற்கும் மேல். யூனிட் 400 டாலர் என்று வைத்துக்கொண்டாலே 24,000 டாலர், அதாவது 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. மருத்துவக் காப்பீடு, புத்தகம், பஸ், விமானம் எல்லாம் தனி. இதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன, அங்கே கட்டணம் இன்னும் கூடும். தாய்மாமன் வீட்டில் சாப்பாடும் படுக்கையும் கிடைப்பது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் மாமன் வீடு ஃப்ரீமான்ட்டில் இருக்கிறது. மாறிப்போகும் பல்கலைக்கழகம் எங்கே அமையும் என்று இப்போது தெரியாது.

இன்னொன்று: மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்துக்கு முதல் ஓராண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்டினால் போதும். அந்த ஓராண்டுத் தொகையைப் பார்த்து ‘சமாளித்துவிடலாம்’ என்று இறங்கிய குடும்பங்கள் உண்டு. நீங்கள் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து எழுதிப் பாருங்கள்.

படிப்பு எப்படி? நன்றாகவே இருக்கும். நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், நுண் பொருளியல், பேரினப் பொருளியல், புள்ளியியல், வணிகச் சட்டம் ஆகியவைதான் முக்கியப் பாடங்கள். மீதி யூனிட்டுகளில் ஆங்கிலக் கட்டுரை, வரலாறு, ஓர் அறிவியல் பாடம் என்று வரும். ‘வணிகம் படிக்கப் போனவன் எதற்கு உயிரியல் படிக்கிறான்’ என்று நீங்கள் போனில் சத்தம் போடுவீர்கள், இப்போதே சொல்லிவைக்கிறேன். முக்கியப் பாடங்களில் உங்கள் பட்டறைக்கு நேரடியாக உதவுவது மேலாண்மைக் கணக்கியல். ஒரு கல்லின் அடக்கவிலை என்ன? சிமென்ட், மணல், வண்ணப்பொடி, கண்ணாடித் தகடு, கூலி ஆகியவற்றைக் கூட்டிவிடுவீர்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் கிடக்கும் நாட்களில் அந்தக் கல்லில் முடங்கியிருக்கும் பணத்துக்கு வட்டி போட்டீர்களா? உடைந்த கல்லின் செலவை நல்ல கல்லின் மேல் ஏற்றினீர்களா? ஐந்து நிறம் ஊற்றும் பூக்கல்லுக்கும் ஒற்றை நிறக் கல்லுக்கும் ஒரே கூலி போட்டால் எதில் நஷ்டம் ஒளிந்திருக்கிறது? சென்னைக் கட்டடக்காரர் பெரிய ஆர்டரைக் காட்டி விலையைக் குறைக்கச் சொன்னால் எந்த விலைக்குக் கீழே இறங்கக்கூடாது? இதையெல்லாம் சொல்லித்தரும் பாடம் அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காரைக்குடியில் பி.காம். படித்தாலும் இதே பாடம் உண்டு. ஆகவே 20 லட்சமும் பாடத்துக்கான விலை ஆகாது. அது பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழிக்கான விலை.

அந்த வழி எவ்வளவு உறுதியானது? அமெரிக்கக் கம்யூனிட்டி கல்லூரிகளில் சேர்பவர்களில் ஆறு ஆண்டுகளுக்குள் நான்காண்டுப் பட்டத்தை முடிப்பவர் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். கல்லூரியை இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. படிப்பவர்களில் பாதிநேரம் வேலை பார்ப்பவர், குழந்தை வளர்ப்பவர், ஒரு சான்றிதழோடு நிறுத்திக்கொள்ள வந்தவர் என்று பலர் இருக்கிறார்கள். முழுநேரம் படிக்கும் உங்கள் மகன் அந்தக் கணக்கைவிட மேலே நிற்பான். ஆனால் தானாக நடக்காது. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் எதற்கு ஈடாக ஏற்கும் என்பதைக் கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ‘அசிஸ்ட்’ என்ற பொது இணையதளம் வரி வரியாகக் காட்டுகிறது. ஓலோனியிலிருந்து சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கும், ஹேவர்டில் இருக்கும் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஈஸ்ட் பே வளாகத்துக்கும் வணிகப் பிரிவுக்கான பட்டியலை மகனே எடுத்துப் பார்க்கட்டும். வணிகப் படிப்புக்கு நெரிசல் அதிகம், மதிப்பெண் வரம்பு உயரலாம். பெர்க்லி என்று மைத்துனர் பேசினால், கம்யூனிட்டி கல்லூரி மாணவர்களுக்கு இட உறுதி தரும் ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான்டியாகோ வளாகங்கள் மூன்றும் இல்லை என்று சொல்லுங்கள். இரண்டு ஆண்டோடு திரும்பினால் கையில் இருப்பது அசோசியேட் பட்டம். அதை வைத்து இங்கே எம்.பி.ஏ. சேர முடியாது, பட்டதாரிகளுக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வும் எழுத முடியாது.

‘வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடுவான்’ என்பதை நான் நம்பவில்லை. மாணவர் விசாவில் முதல் கல்வியாண்டு முழுவதும் வளாகத்துக்கு வெளியே வேலை கூடாது. வளாகத்துக்குள்ளும் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். நூலகத்தில் புத்தகம் அடுக்கும் சம்பளம் கைச்செலவுக்கு ஆகும். தெரிந்தவர் கடையில் ரொக்கத்துக்கு வேலை என்று யாராவது ஆசை காட்டினால் விசாவே போய்விடும். பட்டம் முடித்த பின் ஓராண்டு பயிற்சி வேலைக்கு அனுமதி உண்டு. அறிவியல், பொறியியல் பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டு ஆண்டுகள் சாதாரண வணிக நிர்வாகப் பட்டத்துக்குப் பெரும்பாலும் இல்லை. அதற்குப் பிறகு எச்-1பி என்னும் வேலை விசா. ஆண்டுக்கு 65,000 இடம், முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. இளங்கலையோடு நிற்கும் பையன் அந்த 65,000 இடத்துக்குத்தான் முண்ட வேண்டும். இதை நம்பித் தவணை கட்டுவதாகக் கையெழுத்துப் போடுவீர்களா?

ஆக, என் கருத்து இது. நான்கு ஆண்டுச் செலவில் பாதியாவது கடனில்லாமல் உங்களிடமோ மைத்துனரிடமோ இருந்தால் அனுப்புங்கள். மைத்துனர் தரும் பங்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு என்பது எழுத்தில் இருக்கட்டும். உறவில் எழுத்து எதற்கு என்று கோபித்துக்கொள்வார். பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த வட்டிக்கடைகளுக்குப் பெட்டியடிப் பையனை (கடையின் இளம் உதவியாளனை) அனுப்பிய காலத்தில், பங்காளி மகனாகவே இருந்தாலும் சம்பளச் சீட்டு எழுதித்தான் கப்பல் ஏற்றினார்கள். செட்டிநாட்டில் இதற்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

அந்தப் பணம் இல்லையென்றால் காரைக்குடியில் பி.காம். அல்லது பி.பி.ஏ. சேரட்டும். மாலையில் பட்டறைக் கணக்கை அவனிடம் கொடுங்கள், உண்மைக் கணக்கை. மூன்று ஆண்டு கழித்து ஆசை குறையாவிட்டால் மேற்படிப்புக்குப் போகலாம். எம்.பி.ஏ.வுக்கு அங்கே அனுபவம் கேட்பார்கள், அது அவனிடம் இருக்கும். மூன்றாண்டுப் பட்டத்தை எல்லாப் பல்கலைக்கழகமும் ஏற்பதில்லை, ஏற்பவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விசா நேர்காணலில் திரும்பி வருவாயா என்பதுதான் அதிகாரியின் மனதில் ஓடும் கேள்வி. ‘ஆத்தங்குடியில் எங்களுக்குப் பட்டறை இருக்கிறது, கல்லை வெளிநாட்டுக்கு விற்கப் படிக்கிறேன்’ என்று உங்கள் மகன் சொன்னால் அதில் பொய் இல்லை. பட்டறை அடகில் இருந்தால் அந்தப் பதில் நொண்டும்.

இலையுதிர்காலப் பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது. பிளஸ் டூ முடிவு வருவது மே மாதத்தில். அதற்குள் ஐ-20 வாங்கி, சென்னை அண்ணா சாலையில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் பிடிப்பது இழுபறிதான். ஜனவரிப் பருவத்தைக் குறிவையுங்கள். அதுவரை அவன் சும்மா இருக்க வேண்டாம். பட்டறையின் சென்ற ஆண்டு ஐந்தொகையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பேரேடு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா, முதலில் அதைக் கேளுங்கள்.