பராமரிப்புக் கட்டணம் 66, தாமத அபராதம் 30: அம்மா எதைக் கட்ட வேண்டும்?

கேள்வி: தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வுபெற்ற அம்மாவுக்கு 72 வயது. சேமநிதிப் பணத்தில் வாங்கிய பாந்திங் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். லிப்ட் ஓடாததால் ஓராண்டாகப் பராமரிப்புக் கட்டணம் கட்டவில்லை. இப்போது மாதம் 66 ரிங்கிட் கட்டணம், மாதம் 30 ரிங்கிட் தாமத அபராதம் என்று 1,152 ரிங்கிட் கேட்டு ஜேஎம்பி (கட்டடத்தைப் பராமரிக்கும் கூட்டு நிர்வாகக் குழு) கடிதம் அனுப்பியிருக்கிறது. கட்டத்தான் வேண்டுமா?

பதில்: ஓராண்டுக் கட்டணமான 792 ரிங்கிட்டைக் கட்டிவிடுங்கள். மீதி அபராதம் 360-ஐ எழுத்தில் மறுத்து, அந்தக் கடிதத்தின் நகலில் ஜேஎம்பி அலுவலக முத்திரை வாங்குங்கள்.

படியேறும் முதியவரின் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் கட்டணத்தை நிறுத்துவது அவரைத்தான் மாட்டிவிடும். 14 நாள் நோட்டீஸ் கடந்தும் பாக்கி நின்றால், வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்யும் வாரண்டுக்கு நிர்வாகம் கட்டட ஆணையரிடம் போகலாம். வயதானவர்களைப் பயமுறுத்த இந்த ஒரு வரியே போதும். அந்த வாய்ப்பைக் கொடுக்காதீர்கள்.

அபராதக் கதை வேறு. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின்கீழ், தாமதத்துக்கு வசூலிப்பது வட்டி. அது ஆண்டுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. முதல் மாத 66 ரிங்கிட்டுக்கு ஓராண்டு வட்டி 6 ரிங்கிட் 60 சென். அடுத்தடுத்த மாதங்களுக்கு அதைவிடக் குறைவு. பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 40 ரிங்கிட்டைச் சுற்றித்தான் வரும். 360 எங்கிருந்து வந்தது? எந்தக் கூட்டத்தில், எந்தத் தீர்மானத்தில் முடிவானது என்று கூட்டக் குறிப்பைக் கேளுங்கள்.

66 ரிங்கிட்டையும் சரிபாருங்கள். கட்டணம் வீட்டின் பங்கு அலகை, அதாவது மொத்தக் கட்டடத்தில் அந்த வீட்டுக்கு ஒதுக்கிய பங்கைப் பொறுத்தது, வீட்டுக்காரரின் வயதையோ வருமானத்தையோ அல்ல. அதனுடன் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதிக்கு 10 விழுக்காடு: 60-ம் 6-ம் சேர்ந்து 66 என்றால் கணக்கு சரி. தொகையே அதிகம் என்று தோன்றினால், மறுஆய்வு கேட்டுக் கோலலங்காட் நகராண்மைக் கழகத்திலுள்ள கட்டட ஆணையர் பிரிவில் மனுக் கொடுக்கலாம். அதிலும் தீராவிட்டால் ஸ்ட்ராத்தா நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. 250,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும். பொதுவாக அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை, அதனால் அந்தச் செலவும் இல்லை.

லிப்டுக்கான இடம் ஆண்டுப் பொதுக்கூட்டம். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு பாக்கி இருந்தால் அம்மாவுக்கு ஓட்டு கிடையாது. தேதி நெருங்கிவிட்டால், அந்த 360-ஐயும் ‘மறுப்புடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். பிறகு திரும்பக் கேட்கலாம். படியிறங்க முடியாவிட்டால் உங்களைப் பிரதிநிதியாக எழுதிக் கொடுக்கச் சொல்லி, கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே அந்தக் கடிதத்தை ஒப்படைத்துவிடுங்கள்.