ஈரோட்டில் இருந்துகொண்டு இடிமழையையும் புயலையும் பின்தொடர முடியுமா?

அமெரிக்காவில் சூறாவளிக்குப் பின்னாலேயே காரில் ஓடுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நம் பக்கமும் அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். துரத்துவது மட்டும் வேண்டாமுங்க. ஓக்லஹோமாவில் சமவெளி, நேர்கோடாக ரோடு, பார்வைக்கு மறைப்பே கிடையாது. அங்கேயே 2013 மே 31 அன்று எல் ரீனோ என்ற ஊர்ப்பக்கம் வந்த சூறாவளியில், அந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட டிம் சமராஸ் மகனோடு சிக்கி இறந்துபோனார். நமக்கு மொட்டை மாடியும் கையில் ஒரு போனும் போதும்.

அப்புறம், எதைக் கவனிப்பது என்பதிலேயே நம் ஆட்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. வங்கக்கடலில் ஏதாவது ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்தது உண்மைதான். ஆனால் கோபி, சத்தி, அந்தியூர் பக்கம் குலை தள்ளிய வாழையை வருசா வருசம் முறிப்பது சித்திரை, வைகாசியில் சாயங்காலம் வரும் பெயரில்லாத இடிமழை. முதலில் பழக வேண்டியது அதனோடுதான்.

காலையில் வழக்கத்தைவிடப் புழுக்கமாக இருந்து, பதினோரு மணிக்கே மலைகளின் மேல் துண்டு துண்டாக மோடம் கட்டினால் அன்றைக்குக் கொஞ்சம் உஷாராக இருங்கள். பிற்பகலில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அரபிக்கடலின் ஈரக்காற்று உள்ளே வரும். கிழக்கே இருந்து வரும் காற்றோடு அது முட்டும் இடத்தில் இரண்டுக்கும் மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. நீலகிரி, பர்கூர், சேர்வராயன் மலைச்சரிவுகளும் காற்றைத் தூக்கிவிடும். மேகத்தின் ஓரம் காலிபிளவர் மாதிரி கூர்மையாகத் தெரிகிறவரை அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். உச்சி தட்டையாகி நார்நாராகப் பரவ ஆரம்பித்தால், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேலே போய்ப் பனித்துகளாகிவிட்டது. அடியில் எங்கோ ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கும்.

பல பேருக்குப் புரியாத விஷயம், மழை நாலு தூறலோடு போயும் காற்று மட்டும் ஏன் பேயாட்டம் ஆடுகிறது என்பது. கோடையில் நம் பக்கம் மேகத்துக்குக் கீழே உள்ள காற்று வறண்டு கிடக்கும். விழுகிற மழையில் பாதி நடுவழியிலேயே ஆவியாகும், ஆலங்கட்டியும் உருகும். இரண்டுமே சுற்றியுள்ள காற்றைக் குளிரவைக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அப்படியே கீழே இறங்கித் தரையில் மோதி நாலாபக்கமும் பாயும். கருநீலமாக வளைந்த ஒரு மேக விளிம்பு முன்னால் வரும், வெக்கை சட்டென்று போய் ஜில்லென்று வீசும், புழுதி எழும். அதற்குள் தகரக்கூரைக்கு அடியில் நிற்கிற வண்டியை எடுத்துவிடுங்கள்.

மாடியில் எவ்வளவு நேரம் நிற்கலாம்? மின்னலைப் பார்த்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குள் கேட்டுவிட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, பேசாமல் கீழே இறங்கிவிடுங்கள். தென்னை மரத்தடியும் ஒதுங்குகிற இடம் இல்லை. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி, பக்கத்தில் எங்கே மின்னல் விழுந்தது என்று சில நிமிடங்களில் காட்டிவிடும்.

ரேடார் படத்தை மட்டும் நம்பாதீர்கள் என்பேன். காரைக்கால் ரேடார் ஈரோட்டுக்குச் சுமார் 230 கி.மீ. தள்ளி இருக்கிறது. பூமி உருண்டை என்பதால் அதன் கதிர் இங்கே வரும்போது தரையிலிருந்து ஏறக்குறைய 5 கி.மீ. உயரத்தில் போகும். கீழ்மட்டத்தில் நடப்பது அதற்குத் தெரியவே தெரியாது. மேற்கே கொச்சி ரேடார் உண்டு, நடுவில் மலை நிற்கிறது. ஆகவே இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தையும் சேர்த்துப் பாருங்கள். மேக உச்சி எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு உயரம். எந்தப் பக்கம் நகரும் என்பதற்கு விண்டி என்ற வானிலைச் செயலியில் 700 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அளவு) காற்றைத் தேர்ந்தெடுங்கள். அது ஏறக்குறைய 3 கி.மீ. உயரத்துக் காற்று. தரையில் வீசுவதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

சரி, புயல். அமெரிக்கர்கள் 1943 முதல் ஹரிகேன் நடுவே விமானத்தில் பறக்கிறார்கள். உள்ளேயிருந்து கருவிகளைக் கீழே போட்டு அழுத்தம், வேகம் அளக்கிறார்கள். வங்கக்கடலில் பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தில் மேகம் சுருண்டிருக்கும் விதத்தைப் பார்த்துத்தான் வேகத்தை மதிப்பிடுகிறார்கள். கரையை நெருங்கிய பிறகு ரேடார் உதவும். காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் புயலுக்குப் பெயர். ஒரே புயலுக்கு நம் வானிலைத் துறை ஒரு வேகமும் அமெரிக்கக் கடற்படை அதைவிட அதிகமாகவும் சொன்னால் பதறாதீர்கள். இங்கே மூன்று நிமிடச் சராசரி, அவர்களுக்கு ஒரு நிமிடச் சராசரி.

கொங்குக்குப் புயல் என்றால் பயப்பட வேண்டியது காற்றுக்கு அல்ல, வலுவிழந்த பிறகு கொட்டும் மழைக்கு. ஃபெஞ்சல் 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரி பக்கம் கரையேறி நகராமல் நின்று, பிறகு உள்ளே வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. 2009 நவம்பரில் நீலகிரி கேத்தியில் 82 செ.மீ. பதிவாகி மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தபோது, பின்னால் அரபிக்கடலில் பியான் புயலாக மாறிய அந்தப் புயல் சின்னத்துக்கு அப்போது பெயர்கூட வைத்திருக்கவில்லை. ஆக, புயல் வலுவிழந்து 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' ஆகிவிட்டது என்று செய்தியில் வந்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள். மேட்டுப்பாளையம், குன்னூர் ரோட்டில் போகிற வேலை இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

ஆர்வம் குறையாமல் இருந்தால் ஒரு மழைமானி வாங்கித் திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலை 8:30க்கு அளவெடுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் எடுக்கிறது என்பதால் பேப்பரில் வரும் கணக்கோடு நேராக ஒப்பிட்டுக்கொள்ளலாம்.