மடியில் கனமில்லாதவருக்கு வக்கீல் எதற்கு?

கேள்வி: மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? நேர்மையாக வாழும் சாதாரண மனிதருக்கு வக்கீல் எதற்கு? சட்டமெல்லாம் இப்போது செல்போனிலேயே கிடைக்கிறது. நாமே படித்துப் பார்த்துக்கொள்ள முடியாதா?

பதில்: குற்றவாளி இல்லை என்று பின்னால் தீர்ப்பான ஒருவர் அதற்கு முன் சிறையில் கிடந்த கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1961-ல் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவர், பில்லியர்ட்ஸ் கூடமொன்றில் புகுந்து சில்லறைக் காசும் மதுவும் திருடியதாகக் கைதானார். வக்கீல் வைக்கக் கையில் காசில்லை. நீதிமன்றமே ஒருவரை அமர்த்தித் தர வேண்டும் என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். சரி என்று தானே வாதாடினார். ஐந்தாண்டு சிறை கிடைத்தது.

சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். வக்கீல் தர மறுத்தது தவறு என்று 1963-ல் ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள். மறுவிசாரணையில் வக்கீல் இருந்தார். அன்றைக்குக் கிடியனை ஏற்றிச்சென்ற டாக்ஸி ஓட்டுநரிடம் அவர் கேள்வி கேட்டார். வண்டியில் ஏறும்போது கிடியன் கையில் பாட்டில் எதுவும் இல்லை என்பது வெளியே வந்தது. ஒரு மணி நேரத்தில் ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, விடுதலை என்றது. ஆள் அதே ஆள், சம்பவம் அதே சம்பவம். யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். அந்தக் கேள்வி எந்தச் சட்டப் புத்தகத்திலும் அச்சாகி இருக்காது.

நீதிமன்றப் படி ஏறாதவருக்கும் இது பொருந்தும். நண்பர் கடன் வாங்குகிறார், நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறீர்கள். பத்திரத்தில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு’ என்று மூன்றே வார்த்தை இருக்கும். ஆளுக்குப் பாதி என்றுதான் நினைப்பீர்கள். உண்மையில், கடன் கொடுத்தவர் நண்பரை விட்டுவிட்டு முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம் என்று அதற்கு அர்த்தம். நீங்கள் நேர்மையானவர் என்பதால் அந்த வார்த்தைகளின் அர்த்தம் மாறிவிடாது. வக்கீலிடம் போக வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முந்தின நாள். நம்மில் பலர் போவது வழக்கு வந்த பிறகு. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

இன்னொன்று, நோட்டீஸ். ‘நான்தான் தப்பே செய்யவில்லையே’ என்று சம்மனை அலமாரியில் போட்டுவிட்டால், நீங்கள் இல்லாமலேயே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரலாம். உங்களுக்கு வரவேண்டிய பணம், சொத்து விஷயத்திலும் அப்படித்தான். வழக்குப் போடச் சட்டம் ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது. அது தாண்டினால் நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும் பெரும்பாலும் கதவு மூடிவிடும். போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டாலும், வாக்குமூலத்தில் கையெழுத்திடும் முன் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள். உயில், பாகப்பிரிவினை, விவாகரத்து, குழந்தை யாரிடம் இருப்பது என்பவையும் நாமே படித்துப் பார்த்துக்கொள்கிற விஷயங்கள் அல்ல.

எல்லாவற்றுக்கும் வக்கீல் வேண்டும் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சண்டையை உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். வாங்கிய பொருள் பழுதென்றால் முதலில் நீங்களே ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். பணம் இல்லையே என்று மட்டும் ஒதுங்கிவிடாதீர்கள்; பல நாடுகளில் அரசே இலவச சட்ட உதவிக்கு ஏற்பாடு செய்திருக்கிறது.

வக்கீலிடம் போகும்போது உங்களுக்குப் பாதகமானதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தன்னை அமர்த்திய கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது வக்கீல் தொழிலின் விதி. மறைத்த விஷயத்தை எதிர்த்தரப்பு வக்கீல் வாயிலிருந்து கேட்கும் நிலைக்கு அவரை ஆளாக்காதீர்கள். அப்புறம், நோட்டீஸ் வந்த உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கைக்கு வந்த தேதியை அதன்மேலேயே எழுதி, உறையோடு எடுத்துப் போங்கள். எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று அவர் அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்.