எம்.பி.யிடமோ வேட்பாளரிடமோ வெளியுறவுக் கொள்கை, மனித உரிமை பற்றிக் கேட்டு உருப்படியான பதில் வாங்கியவர்கள் யாராவது உண்டா?

வாங்கியதில்லை. ஆனால் கேட்டிருக்கிறேன். நூறு பேர் முன்னால் மூக்குடைபட்டும் வந்திருக்கிறேன். அதனால் இதற்குப் பதில் எழுதும் தகுதி எனக்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

நீங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஓட்டுக் கேட்டு வந்தவரிடம், "ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் 2012-லும் 2013-லும் இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்ட இந்தியா, 2014-ல் ஏன் ஒதுங்கியது, 2021-ல் ஏன் மறுபடியும் ஒதுங்கியது" என்று கேட்க வாயெடுத்திருப்பீர்கள். பக்கத்தில் நின்றவர், "முதல்ல தெரு விளக்கைக் கேளுப்பா" என்று சட்டையைப் பிடித்து இழுத்திருப்பார். சரிதானே? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடு என்று இன்னொருவர் யோசனை சொல்லியிருப்பார். வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் தகவலைத் தர வேண்டியதில்லை என்று அந்தச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவே சொல்லிவிடுகிறது. நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் இருக்கிறது, ஆனால் அங்கே கேட்பது எம்.பி., நீங்களும் நானும் இல்லை.

என் கதை நடந்தது லண்டன் புறநகர் ஒன்றில், 2019 டிசம்பர் பொதுத்தேர்தலின்போது. அப்போது நான் வேலை விசாவில் இருந்த இந்தியன். காமன்வெல்த் நாட்டுக்காரன் என்பதால் இங்கே குடியிருக்கும்வரை எனக்குப் பொதுத்தேர்தலில் ஓட்டு உண்டு. இதை ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை, என் சித்தப்பா இன்று வரை நம்பவில்லை. "விசாவில் போனவனுக்கு அந்த நாட்டு அரசியல் எதுக்கு" என்று கேட்க வருகிறவர்களுக்கும் பதில் இதுதான்: ஓட்டு கொடுத்திருக்கிறார்கள், வரியும் பிடிக்கிறார்கள், கேள்வி மட்டும் கேட்கக் கூடாதா?

தேர்தலுக்கு முன் வேட்பாளர்கள் எல்லாரையும் ஒரே மேடையில் உட்கார வைத்துத் தொகுதிக்காரர்கள் கேள்வி கேட்கும் கூட்டம் நடக்கும், ஹஸ்டிங்ஸ் என்பார்கள். எங்கள் தொகுதியில் அது ஒரு சர்ச் ஹாலில். வாசலில் துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுத்தார்கள். கேள்வியை எழுதிக் கூடையில் போட வேண்டும், பாதிரியார் எடுத்துப் படிப்பார், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிமிடம், எதிர்க்கேள்வி கிடையாது. மூலையில் தேநீர் பாய்லர் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பிரெக்ஸிட், ஆஸ்பத்திரி, பிரெக்ஸிட், பார்க்கிங், மறுபடியும் பிரெக்ஸிட்.

நான் எழுதிப் போட்டது ஏமன் பற்றி. 2015 மார்ச்சில் சவுதி தலைமையிலான கூட்டணி அங்கே குண்டு போட ஆரம்பித்ததிலிருந்து, அந்தக் கூட்டணிக்கு விமானமும் குண்டும் விற்றவர்களில் பிரிட்டனும் ஒன்று. 2019 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த ஏற்றுமதிக்கு உரிமம் கொடுத்த முறையே சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. முன்பு நடந்த தாக்குதல்களில் போர்ச் சட்டம் மீறப்பட்டதா என்று பார்க்காமலே அரசு கையெழுத்துப் போட்டிருக்கிறது, குறை அதுதான். புதிதாக உரிமம் தர மாட்டோம் என்று அரசு வாக்குக் கொடுத்தது. வாக்குக் கொடுத்த மூன்றே மாதத்தில், சில உரிமங்களைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லிஸ் டிரஸ் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். (பிற்பாடு ஐம்பது நாள்கூட முழுசாகப் பிரதமராக இல்லாமல் போனாரே, அவரேதான்.)

இவ்வளவு நல்ல சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு நாள் ரயிலில் போகும்போதும் வரும்போதும் கேள்வியைத் தீட்டினேன். தீட்டத் தீட்ட அது வளர்ந்தது. ஏமன் வந்தது, சவுதி பத்திரிகையாளர் கஷோகி கொலை வந்தது, காஷ்மீர் வந்தது, ரோஹிங்கியா வந்தது. சீட்டின் இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் நிரம்பிவிட்டது. பாதிரியார் அதைக் கையில் எடுத்தார், கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், கடைசியில் "எழுதியவரே படித்துவிடட்டும்" என்று மைக்கை என் பக்கம் அனுப்பிவிட்டார்.

எழுந்து நின்றதும் கை நடுங்கியது. சபை கலங்க வேண்டும் என்று பள்ளிப் பேருந்தில் ஆரம்பித்தேன். 2018 ஆகஸ்டில் ஏமனின் சாதா மாகாணத்தில் சுற்றுலா போன சிறுவர்களின் பேருந்து மேல் குண்டு விழுந்து 40 குழந்தைகள் செத்தார்கள். அது உண்மை. நான் அதோடு நிறுத்தவில்லை, "நாம் விற்ற குண்டில்" என்று சேர்த்துக்கொண்டேன்.

மேடையிலிருந்த வேட்பாளர் ஒருவர் அவசரமே படவில்லை. "கொடுமையான சம்பவம். ஆனால் அந்தக் குண்டு அமெரிக்காவில் தயாரானது, பிரிட்டனில் இல்லை" என்றார். அவ்வளவுதான். ஹாலில் லேசாக ஒரு சிரிப்பு. ஏளனச் சிரிப்புகூட இல்லை, பாவம் என்கிற மாதிரி, அதுதான் இன்னும் வலித்தது. அவர் சொன்னது உண்மையும்கூட. மிச்சமிருந்த முக்கால் நிமிடத்தில், ஆயுத ஏற்றுமதியில் எங்களைப் போலக் கறாரான நாடு உலகத்திலேயே குறைவு என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மன்னிப்புக் கேட்ட விஷயம் என் சீட்டின் பின்பக்கம் இருந்தது. அதைப் படிக்க நேரமே வரவில்லை.

என்னோடு வந்திருந்தவர் பக்கத்து வீட்டு அக்கா, முல்லைத்தீவுக்காரர். வெளியே குளிரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார்: "தம்பி, அந்த மனுசன் ஒண்டுக்கும் பதில் சொல்லேல்லை. ஆனால் படலையைத் திறந்துவிட்டது நீங்கள்தான்."

படலை என்றால் அவர்கள் பக்கத்து வழக்கில் வேலிக் கதவு. அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்த மாதிரிக் கேள்வியை உருப்படியாகக் கேட்ட ஒருவராவது இருப்பார்களா என்று தேடியதில்தான் டயானா கௌல்டின் காணொளி கிடைத்தது. 1983 மே 24, பிபிசி நேரலை. தேர்தலுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. மறுபக்கம் பிரதமர் மார்கரெட் தாட்சர். இந்த அம்மா ஆசிரியையாக இருந்தவர், இளவயதில் கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர், கட்சிக்காரரோ பத்திரிகைக்காரரோ இல்லை. முந்தின ஆண்டு ஃபாக்லாந்து போரில் மே 2 அன்று பிரிட்டிஷ் நீர்மூழ்கி அர்ஜென்டினாவின் பெல்கிரானோ கப்பலை மூழ்கடித்ததில் 323 பேர் இறந்தார்கள். கௌல்ட் கேட்டது ஒரே கேள்வி: பிரிட்டன் அறிவித்த தடை எல்லைக்கு வெளியே, ஃபாக்லாந்தை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்த கப்பலை மூழ்கடிக்க ஏன் உத்தரவு கொடுத்தீர்கள்?

விலகிப் போகவில்லை என்கிறார் தாட்சர். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. கப்பல் 280 பாகைத் திசையில், அதாவது ஏறக்குறைய மேற்கே, போய்க்கொண்டிருந்தது, அப்போதே ஃபாக்லாந்துக்கு மேற்கே இருந்தது, அப்புறம் எப்படி விலகிப் போகவில்லை என்கிறீர்கள் என்று கேட்கிறார். தாட்சர் எங்கள் கப்பல்களுக்கு ஆபத்து என்கிறார், எங்கள் பையன்களின் உயிர் என்கிறார். இவர் சுற்றிச் சுற்றி அந்த ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறார். இரும்புப் பெண்மணி என்று பெயரெடுத்தவரின் முகத்தில் எரிச்சல் ஏறுவதை நாமே பார்க்கலாம்.

மூழ்கடித்தது சரியா தப்பா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. போர் நேரத்தில் அது சட்டப்படி சரிதான் என்று வாதாடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்களோடு மல்லுக்கட்ட எனக்குக் கடற்படை அறிவு கிடையாது. நான் பார்த்தது அந்த 280-ஐத்தான். என்னிடம் 40 குழந்தைகளின் சாவு இருந்தது, இவரிடம் ஒரு திசைகாட்டி எண் இருந்தது. பிரதமரை நகரவிடாமல் நிறுத்தியது அந்த எண். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அடுத்த மாதம் 9-ஆம் தேதி தாட்சர் 144 இடப் பெரும்பான்மையோடு ஜெயித்தார். கேள்வியால் ஆட்சி கவிழும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அக்கா இதையெல்லாம் பார்த்துப் படித்தவர் இல்லை. ஆனால் பல வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். இங்கே எம்.பி.க்கள் தொகுதி மக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு சர்ஜரி என்று பெயர். முதல் தடவை அவர் "எம்.பி.ட்ட சர்ஜரிக்குப் போறன்" என்றபோது நான் பதறிப்போய் என்ன ஆபரேஷன் என்று கேட்டேன். நூலகத்தின் பின்னறையில் ஆளுக்குப் பத்து நிமிடம். அக்கா ஒரு நீலக் கோப்போடு போவார். அதில் அவர் தம்பியின் படம் இருக்கிறது. அதை மேசையில் வைத்துவிட்டு ஒரே வாக்கியம்தான் கேட்பார்: 2009 மே மாதம் வட்டுவாகலில் ராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பட்டியலை உங்கள் அரசாங்கம் இலங்கையிடம் கேட்டதா, இல்லையா?

அழமாட்டார். கதை சொல்லமாட்டார். கேட்டதா, இல்லையா. எம்.பி. ஒரு தடவை அதை எழுத்துப்பூர்வக் கேள்வியாக நாடாளுமன்றத்தில் போட்டார். அமைச்சகத்திடமிருந்து வந்த பதிலில் "தொடர்ந்து வலியுறுத்தி வருகிறோம்" இருந்தது, ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. அதையும் அச்செடுத்து நீலக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

2025 மார்ச் 24 அன்று பிரிட்டன், சவேந்திர சில்வா, வசந்த கரன்னகொட, ஜகத் ஜயசூரிய ஆகிய இலங்கையின் முன்னாள் தளபதிகள் மூவர் மேலும் புலிகளிடமிருந்து பிரிந்த கருணா அம்மான் மேலும் பயணத் தடை போட்டுச் சொத்துகளை முடக்கியது. இது அக்காவின் கேள்வியால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே எத்தனையோ தொகுதிகளில் எத்தனையோ பேர் இப்படிக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். செய்தியைக் காட்டியபோது அக்கா கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். "நாலு பேரின்ர பேர் கிடக்கு. தம்பின்ர பேர் எங்க?" என்றார். அடுத்த சர்ஜரிக்கும் நேரம் வாங்கியிருந்தார்.

என் கேள்வி என்ன ஆனது என்று கேட்பீர்கள். தேர்தல் முடிந்ததும் ஜெயித்தவருக்குக் கடிதம் போட்டேன். இந்தத் தடவை நாலே வரி, பேருந்து இல்லை, காஷ்மீர் இல்லை. மன்னிப்புக் கேட்ட பிறகு அந்தத் தவறு இனி நடக்காமலிருக்க என்ன மாற்றினீர்கள், அவ்வளவுதான். முகவரியும் அஞ்சல் குறியீடும் மறக்காமல் எழுத வேண்டும், தன் தொகுதிக்காரர் இல்லை என்றால் பதில் வராது. இரண்டு மாதம் கழித்து நாடாளுமன்ற முத்திரை போட்ட கெட்டித்தாளில் பதில் வந்தது. வந்தது எனக்கில்லை, என் அப்பாவுக்கு.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனால் சொல்லாமல் விட மனசில்லை. நமக்கெல்லாம் ஒரே பெயர், முன்னால் ஓர் இனிஷியல். இந்த நாட்டுப் படிவம் ஒவ்வொன்றும் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும். அப்பா பெயரை எழுதினோமா, தொலைந்தோம். பேங்க்கிலிருந்து அப்பா பெயருக்குக் கடிதம், ஆஸ்பத்திரியில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஆபீஸ் மின்னஞ்சலிலும் அப்பாதான். இரண்டு முறை என் பெயர் வராதென்று நினைத்து உட்கார்ந்தே இருந்து டாக்டரைத் தவறவிட்டிருக்கிறேன். என் மகளுக்குப் பள்ளியில் குடும்பப் பெயர் நான், எனக்குக் குடும்பப் பெயர் அப்பா, ஆக நாங்கள் ஒரே குடும்பம்தான் என்று ஹீத்ரோவில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு எந்த எம்.பி.யிடம் போய்ச் சொல்வது?

கடிதத்தில் ஒன்றுமில்லை. தவறுக்கு அரசு ஏற்கெனவே வருத்தம் தெரிவித்துவிட்டது, நடைமுறை ஆய்வில் இருக்கிறது, அக்கறைக்கு நன்றி. 2020 ஜூலையில் அரசு, நடந்த மீறல்களெல்லாம் தனித்தனிச் சம்பவங்கள் என்று சொல்லி மறுபடியும் உரிமம் கொடுக்க ஆரம்பித்தது.

ஆனாலும் விளையாட்டாக அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து விழுப்புரத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பாருங்க, லண்டன் எம்.பி. உங்களுக்கு எழுதியிருக்கார் என்று. அப்பா உடனே கூப்பிட்டுவிட்டார். பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் கொடுத்து முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

"ஏன்டா, நாம கேட்டதுக்கு இதுல பதிலே இல்லையே?"

"இல்லப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "என் பேருக்குத்தான வந்திருக்கு, நானே கையெழுத்துப் போட்டு இன்னொரு தடவை கேக்கட்டுமா?" என்றார்.