பேக்-12: கடைசி வருஷம் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

சியாட்டல் பக்கம் ரெட்மண்டில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மகள் வாஷிங்டன் பல்கலையில் படிக்கிறாள். அவளால் எனக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. 2023-இல் அந்தப் பல்கலையின் ஹஸ்கீஸ் அணி, மேற்கு மாநிலப் பல்கலைகள் சேர்ந்து ஆடும் பேக்-12 கான்ஃபரன்ஸில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. மறுவருடம் பிக் டென் என்ற இன்னும் பெரிய கான்ஃபரன்ஸுக்குப் போனார்கள், ஆறு வெற்றி ஏழு தோல்வி (6-7) என்று முடித்தார்கள். பெரிய இடத்துக்குப் போனதும் சாயம் வெளுத்துவிட்டது என்று அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். என் கேள்வி வேறு. பணம் கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் போவதில் என்ன தப்பு? நாமெல்லாம் கம்பெனி மாறுவதில்லையா? பழைய ரசிகர்கள் ஏன் இன்னும் புலம்புகிறார்கள்?

கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்த 6-7 விவகாரத்தை முடித்துவிடலாம். 2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் தேசிய இறுதியாட்டத்தில் மிச்சிகனிடம் 34-13 என்று தோற்றார்கள். அதே வாரத்தில் பயிற்சியாளர் கேலன் டிபோர் அலபாமா பல்கலைக்குப் போய்விட்டார். ஏப்ரலில் அணியின் முக்கிய ஆட்டக்காரர்கள் பெனிக்ஸ், ஒடுன்சே, ஃபௌடானு மூவரும், தொழில்முறை லீகான என்எஃப்எல் ஆள் எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள். எந்தக் கான்ஃபரன்ஸில் இருந்தாலும் அந்த வருடம் அடிதான் விழுந்திருக்கும். பேக்-12-இலிருந்து கூடவே போன ஓரிகன் பல்கலை, முதல் வருடமே பிக் டென் கோப்பையைத் தூக்கியது. உங்கள் அலுவலக நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

2023 சீசனையும் தோல்வியே இல்லை என்று ஒரு வரியில் கடந்துபோக முடியாது. பாதி ஆட்டங்கள் நூலிழையில் தப்பியவை. அரிசோனா ஸ்டேட்டுக்கு எதிராக வாஷிங்டனின் தாக்குதல் அணி ஒரு டச்டவுன்கூட (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) போடவில்லை. தடுப்பாட்டக்காரர் ஒருவர் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியதால் 15-7. ஓரிகன் ஸ்டேட் என்ற இன்னொரு பல்கலையுடன், அதன் ஊரான கார்வாலிஸ் மழையில் 22-20. ஓரிகனை இரண்டு முறை சந்தித்து இரண்டு முறையும் மூன்றே புள்ளியில் ஜெயித்தார்கள்: அக்டோபரில் 36-33, டிசம்பர் 1 அன்று லாஸ் வேகஸ் இறுதியில் 34-31. முன்பு இந்தியானா பல்கலையில் இருந்தபோது நான்கு வருடங்களும் காயத்தால் பாதியில் ஒதுங்க நேர்ந்தவர் பெனிக்ஸ். அவர்தான் இத்தனையையும் தாங்கினார்.

எனக்குப் பிடித்த ஆட்டம் நவம்பர் 25-இல் நடந்த ஆப்பிள் கப். எதிரணி வாஷிங்டன் ஸ்டேட். மாநிலத்தின் கிழக்குக் கோடியில், கோதுமை வயல்களுக்கு நடுவே புல்மன் என்ற சிற்றூரில் இருக்கும் பல்கலை. இந்த இரண்டும் 1900 முதல் மோதிக்கொள்கின்றன. 21-21, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி, நான்காவது டவுன் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி), சொந்தப் பக்கத்தில் 29-ஆவது கெஜத்தில் பந்து. புத்தியுள்ளவர்கள் உதைத்து அனுப்பிவிடுவார்கள். டிபோர் ஒடுன்சேயிடம் பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னார். 23 கெஜம் ஓடினார். கடைசி நொடியில் கிரேடி கிராஸ் 42 கெஜத்திலிருந்து உதைத்து 24-21. அதுவரை உதவித்தொகை இல்லாமல் ஆடிக்கொண்டிருந்த பையன். ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் வைத்தே அவருக்கு உதவித்தொகை அறிவித்தார்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. நீங்கள் கம்பெனி மாறினால் பக்கத்து மேஜைக்காரருக்குச் சம்பளம் குறைவதில்லை. கான்ஃபரன்ஸ் அப்படியில்லை. யார் யாரோடு ஆடுவது, தொலைக்காட்சிப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கூட்டு ஒப்பந்தம் அது. ஒருவர் விலகினால் மிச்சமிருப்பவர்களின் அட்டவணையும் வருமானமும் சேர்ந்தே போகும். கூட்டுக் குடும்பத்தில் நிலத்தை விற்றுக்கொண்டு கிளம்புவதற்குத்தான் இது பக்கத்தில் வரும்.

1915-இல் போர்ட்லாந்தில் நான்கு பல்கலைகள் கூடித் தொடங்கிய வழியில் வந்தது பேக்-12. அந்த நால்வரில் வாஷிங்டனும் ஒன்று. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பல்கலைகளான யுஎஸ்சியும் யுசிஎல்ஏயும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சலஸ் சந்தை போனதும் தொலைக்காட்சி நிறுவனங்களிடம் பேரம் பேச வலு இல்லை. ஒரு வருடம் இழுத்தடித்துக் கடைசியில் கையில் வந்தது, ஆப்பிள் நிறுவனத்தின் சந்தாவை நம்பிய ஒரு இணைய ஒளிபரப்பு ஒப்பந்தம். அதற்குள் கொலராடோ கிளம்பிவிட்டது. 2023 ஆகஸ்ட் 4 ஒரே நாளில் வாஷிங்டனும் ஓரிகனும் உட்பட ஐந்து பல்கலைகள் வெளியேறின. வாஷிங்டனும் ஓரிகனும் பிக் டென்னில் ஏறக்குறைய பாதிப் பங்குக்கு ஒப்புக்கொண்டுதான் போயின. பேராசை என்று திட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த நிலையில் நானாக இருந்தாலும் கிளம்பியிருப்பேன்.

ஆனால் வாஷிங்டன் ஸ்டேட்டும் ஓரிகன் ஸ்டேட்டும் என்ன செய்தன? மோசமாக ஆடியதால் ஒதுக்கப்பட்டவை அல்ல. அவற்றின் ஊர்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் குறைவு, அவ்வளவுதான். நீதிமன்றத்துக்குப் போய்க் கான்ஃபரன்ஸின் நிர்வாகத்தைக் கைப்பற்றி, 2024-இல் இரண்டே அணிகளாக நின்று, மவுண்டன் வெஸ்ட் என்ற வேறொரு கான்ஃபரன்ஸின் அணிகளோடு ஆடி ஒப்பேற்றின. பிறகு அங்கிருந்தே ஆள் சேர்த்துப் பேக்-12 பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

போனவர்களுக்கும் சும்மா விடிந்துவிடவில்லை. 2024 செப்டம்பரில் ஹஸ்கீஸ் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்துக்காக நாட்டின் மறு கரையில் நியூ ஜெர்சிக்குப் பறந்து ரட்கர்ஸ் பல்கலையிடம் 21-18 என்று தோற்றார்கள். ஃபுட்பால்காரர்களுக்காவது தனி விமானம் உண்டு, வருடத்துக்கு நாலைந்து வெளியூர்ப் பயணம்தான். வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் பெண்கள் அதைவிட அடிக்கடி பயணம் போகவேண்டும், திரும்பி வந்து பரீட்சையும் எழுதவேண்டும். பணத்தைக் கொண்டுவருவது ஃபுட்பால், அலைச்சல் மற்றவர்களுக்கு. பழைய ரசிகர்களின் புலம்பலைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

ஆப்பிள் கப்பை நிறுத்தவில்லை. 2028 வரை ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் நவம்பர் குளிரில் சீசனின் உச்சமாக நடந்தது செப்டம்பருக்கு நகர்ந்துவிட்டது, கான்ஃபரன்ஸ் கணக்கிலும் சேராது. அப்படி நகர்ந்த பிறகு நடந்த முதல் ஆட்டத்தில், சியாட்டல் லூமன் ஃபீல்டில், வாஷிங்டன் ஸ்டேட் 24-19 என்று ஜெயித்தது. கடைசிக் கட்டத்தில் ஹஸ்கீஸை எல்லைக்கோட்டுக்கு ஒரு கெஜ தூரத்தில் மறித்துவிட்டார்கள். அந்தப் பதிவு கிடைத்தால் மகளோடு சேர்ந்து பாருங்கள். அவளுக்குக் கோபம் வரும்.